கம்ப்யூட்டருக்கு எதற்கு பூட்ஸ்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அடிக்கடி நம் காதில் விழும் சொல் "பூட்". "சிஸ்டம் பூட் ஆகவில்லை", "ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள்", "பூட் மெனுவுக்குப் போங்கள்", "பூட்டபிள் பென் டிரைவ் வைத்திருக்கிறீர்களா?" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கேட்பவரும் தலையை ஆட்டுவார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டால், சொன்னவர்களில் பலருக்கே தெரிந்திருக்காது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பேரன் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற பழைய கம்ப்யூட்டருடன் தினமும் மல்லுக்கட்டுபவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சர்வீஸ் பையன் போன்ல 'உங்க கம்ப்யூட்டர் பூட் ஆகலை சார், எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்றான். பூட்டிக்கலைன்னா நல்லதுதானே? அப்புறம் ஏன் திறக்க மாட்டேங்குது?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டதில் தவறே இல்லை. தமிழ்க் காதுக்கு "பூட்" என்றால் பூட்டுதான். கம்ப்யூட்டர்காரர்களோ திறந்து வேலையைத் தொடங்குவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய கம்ப்யூட்டரைச் சரி செய்ய எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லை விளக்கத்தான் ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. அன்று அவருக்குச் சொன்னவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வெறும் சொல் ஆராய்ச்சிதானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்த ஒரு சொல்லின் பொருள் தெரியாததால், திரும்பக் கிடைக்காத ஒன்றை நான் இழந்திருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

காலில் போடும் பூட்ஸ்

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். கணுக்கால் வரையோ முழங்கால் வரையோ உயர்ந்து நிற்கும் காலணி. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நாம் ஒற்றைக் காலணியையும் "பூட்ஸ்" என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்று என்றால் பூட், இரண்டு என்றால்தான் பூட்ஸ்.

இந்தக் காலணியிலிருந்து கிளைத்த பொருள்கள் பல. பூட்ஸ் காலால் உதைப்பதால், வேலையிலிருந்து ஒருவரைத் துரத்துவதும் "பூட்" ஆயிற்று. பழைய இங்கிலாந்து விடுதிகளில் விருந்தினர்களின் காலணிகளைத் துடைத்து வைக்கும் பணியாளருக்கே "பூட்ஸ்" என்று பெயர். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் பேப்பர்ஸ் நாவலில் வரும் சாம் வெல்லர் அப்படிப்பட்ட ஒரு பணியாளராகத்தான் அறிமுகமாகிறார்.

"பூட்லெக்" என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லெக் என்றால் கால். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உயரமான பூட்ஸின் உட்பக்கத்தில் மது பாட்டிலை மறைத்துக் கொண்டுபோய்க் கள்ளத்தனமாக விற்றார்கள். அதிலிருந்து வந்த சொல் இது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு அமலில் இருந்தபோது இச்சொல் உலகம் முழுவதும் பரவியது. பின்னாளில் அனுமதி இல்லாமல் பதிவு செய்து விற்கும் பாடல்களுக்கும் அதே பெயர் வந்தது.

காருக்குப் பின்னால் உள்ள பூட்

இங்கிலாந்தில் காரின் பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்துக்கு "பூட்" என்று பெயர். அமெரிக்காவில் அதையே "ட்ரங்க்" என்பார்கள். நாம் "டிக்கி" என்கிறோம். குதிரை வண்டிக் காலத்தில் வண்டியோடு சேர்ந்த பணியாளர்கள் உட்காரும் இடத்துக்குப் பூட் என்ற பெயர் இருந்தது. பிறகு அது சாமான் வைக்கும் இடமாக மாறி, கார் வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

நம்முடைய டிக்கியின் கதையும் இதே போன்றதுதான். டிக்கி என்பதும் முதலில் வண்டியின் பின்புறம் பணியாளர் உட்காரும் இருக்கை. ஆரம்ப காலக் கார்களில் அது பின்னால் மடக்கி விரிக்கும் இருக்கையாக இருந்தது. இன்று ஆள் உட்காருவதில்லை, பெட்டிதான் உட்காருகிறது.

உறவில்லாத இன்னொரு பூட்

ஆங்கிலத்தில் "டு பூட்" என்று ஒரு வழக்கு உண்டு. "அதோடுகூட", "மேலும்" என்று பொருள். "அவர் நல்ல டாக்டர், டு பூட் நல்ல மனிதர்" என்பது போலப் பயன்படுத்துவார்கள். இதற்கும் காலணிக்கும் எந்த உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் நன்மை, உதவி, பரிகாரம் என்ற பொருளில் இருந்த வேறொரு சொல் இது. "பெட்டர்", "பெஸ்ட்" ஆகிய சொற்களுக்கு இது நெருங்கிய சொந்தம். "பூட்லெஸ்" என்றால் பூட்ஸ் போடாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. பயனற்றது என்று அர்த்தம்.

இதைச் சொன்னதும் ஆசிரியர், "நம்ம ஆறு மாதிரின்னு சொல்லுங்க. ஓடுறதும் ஆறு, எண்ணும் ஆறு. எழுத்து ஒண்ணு, வேர் வேற" என்றார். மிகச் சரியான உதாரணம்.

சரி, இவற்றில் எது கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது? காலணிதான். அதுவும் முழுக் காலணி அல்ல, அதன் பின்னால் உள்ள ஒரு சின்ன வார்.

பூட்ஸின் வார்

உயரமான பூட்ஸை மாட்டுவது எளிதல்ல. அதனால் மேல் விளிம்பில் துணியிலோ தோலிலோ ஒரு வளையம் தைத்திருப்பார்கள். அதில் விரலை விட்டு இழுத்தால் கால் உள்ளே போய்விடும். இந்த வளையத்துக்குப் பெயர் "பூட்ஸ்ட்ராப்".

ஒருவர் தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்ள முடியுமா? முடியவே முடியாது. 1830-களில் அமெரிக்கப் பத்திரிகைகள், நடக்காத காரியத்தைச் சாதிப்பதாகச் சொல்பவர்களைக் கிண்டல் செய்ய இந்தக் காட்சியைத்தான் பயன்படுத்தின. ஜெர்மானியக் கதைகளில் வரும் முன்ச்சவுசன் பிரபுவும் இதற்கு ஒரு அண்ணன். சேற்றில் சிக்கிய அவர், தன் தலைமுடியைத் தானே பிடித்து இழுத்து, குதிரையோடு வெளியே வந்ததாகப் புளுகுவார்.

காலப்போக்கில் கிண்டல் மறைந்து பாராட்டாகிவிட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் தன் முயற்சியால் முன்னேறுபவரை "பூட்ஸ்ட்ராப்பைப் பிடித்து மேலே வந்தவர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்று வெளியார் முதலீடு வாங்காமல் சொந்தப் பணத்தில் வளரும் நிறுவனத்தையும் பூட்ஸ்ட்ராப் நிறுவனம் என்கிறார்கள். 1996-ல் தொடங்கப்பட்டு, சென்னையில் வளர்ந்த ஜோஹோ இதற்கு நல்ல உதாரணம்.

கம்ப்யூட்டருக்குள் வந்தது எப்படி?

கம்ப்யூட்டருக்கும் இதே போன்ற ஒரு இக்கட்டு உண்டு. கவனமாகப் படியுங்கள்.

உங்கள் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை செய்ய அதை எடுத்து மெமரியில் ஏற்ற வேண்டும். டிஸ்க்கிலிருந்து எடுத்து ஏற்றுவது ஒரு வேலை. எந்த வேலை செய்யவும் கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் தேவை. பவர் போட்ட அந்த விநாடியில் மெமரி காலியாக இருக்கிறது. அப்படியானால், புரோகிராமை ஏற்றும் அந்த முதல் புரோகிராமை யார் ஏற்றுவது?

வீட்டில் தயிர் உறைய வைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பாத்திரம் பால் தயிராக வேண்டுமென்றால், முதலில் ஒரு ஸ்பூன் உறை மோர் வேண்டும். அந்த ஒரு ஸ்பூன் இல்லாவிட்டால் எத்தனை லிட்டர் பால் இருந்தும் பயனில்லை. கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு உறை மோர் தேவைப்பட்டது.

1952-ல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 701 என்ற கம்ப்யூட்டரில் "லோட்" என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் துளையிட்ட அட்டையிலிருந்தோ, காந்த நாடாவிலிருந்தோ, டிரம்மிலிருந்தோ ஒரே ஒரு சிறு பகுதி மட்டும் மெமரிக்குள் வரும். அந்தப் பகுதியில் உள்ள கட்டளைகள் அடுத்த பகுதியை இழுத்து வரும். அது அதற்கடுத்ததை இழுத்து வரும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக முழுப் புரோகிராமும் ஏறிவிடும். தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் இந்த முறைக்கு அக்காலப் பொறியாளர்கள் பூட்ஸ்ட்ராப் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வாய்க்கு எளிதாக வால் அறுந்து "பூட்" ஆனது.

1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரில் இந்த உறை மோரைக் கையால்தான் ஊற்ற வேண்டும். முன்பக்கம் வரிசையாக உள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி முதல் கட்டளைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட வேண்டும்.  பவரை நிறுத்தினால் மறுநாளும் இதே வேலை. பின்னர் இந்த முதல் கட்டளைகளை அழியாத சிப் ஒன்றில் நிரந்தரமாகப் பதிந்து வைத்தார்கள். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தபோது அதன் மதர்போர்டில் பயாஸ் என்ற பெயரில் இந்த சிப் இருந்தது. இன்றைய கம்ப்யூட்டர்களில் அதன் இடத்தை யு.இ.எப்.ஐ. என்ற புதிய முறை பிடித்திருக்கிறது. பெயர் மாறினாலும் வேலை அதே உறை மோர் வேலைதான்.

பவர் பட்டனை அழுத்தியதும்...

நீங்கள் பட்டனை அழுத்திவிட்டு காபி எடுத்து வருவதற்குள் நடப்பவை இவை.

1. மின்சாரம் சீரானதும், பிராசசர் மதர்போர்டில் உள்ள அந்த சிப்பிலிருந்து முதல் கட்டளையைப் படிக்கிறது.

2. மெமரி, கீ போர்ட், டிஸ்ப்ளே எல்லாம் இருக்கின்றனவா என்று தனக்குத் தானே ஒரு சோதனை செய்துகொள்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் எல்லாம் சரி என்றால் "பீப்" என்று ஒரு ஒலி கேட்கும்.

3. அடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தை எங்கே தேடுவது என்று ஒரு பட்டியலைப் பார்க்கிறது. முதலில் சி.டி., பிறகு பென் டிரைவ், பிறகு ஹார்ட் டிஸ்க் என்பது போன்ற வரிசை அது. இதற்குப் பெயர் பூட் ஆர்டர்.

4. வரிசையில் உள்ள டிஸ்க்கிலிருந்து ஒரு சிறிய தொடக்கப் புரோகிராமை எடுத்து ஓட்டுகிறது. பழைய முறையில் இது டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கும். புதிய முறையில் டிஸ்க்கில் தனியாக ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் பைலாக இருக்கும்.

5. அந்தச் சிறிய புரோகிராம் விண்டோஸை இழுத்து மெமரியில் ஏற்றுகிறது. உங்களுக்கு லாக் இன் திரை கிடைக்கிறது.

இதில் மூன்றாவது, நான்காவது படிகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதை அங்கேதான் நடந்தது.

நான் இழந்தது

2001-ல் என்னிடம் விண்டோஸ் 98 போட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. என் அப்பா ரயில்வேயில் சிறிய ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பழைய கதைகளைச் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். எந்த ஸ்டேஷனில் யார் பாயிண்ட்ஸ்மேன், எந்த வெள்ளத்தில் எந்தப் பாலம் போயிற்று, நடுராத்திரி வண்டியில் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று 34 பக்கங்கள் சேர்ந்திருந்தன. வேறு எங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை.

வீட்டில் பிரிண்டர் கிடையாது. ஒருநாள் முதல் 8 பக்கங்களை மட்டும் டி.டி.பி. சென்டரில் பிரிண்ட் எடுப்பதற்காக பிளாப்பியில் காப்பி செய்தேன். பிளாப்பியை வெளியே எடுக்க மறந்து கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டேன். மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையில், "நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எர்ரர்" என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. அதற்கு மேல் எதுவும் நகரவில்லை.

பதறிப்போய் ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்தேன். "டிஸ்க் எர்ரர்னு வருதா? ஹார்ட் டிஸ்க் பூட் ஆகலை சார். பார்மட் பண்ணிடலாம்" என்றார்கள். ஒரு பையன் வந்தான். டிரைவிலிருந்து என் பிளாப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தான். தன்னுடைய ஸ்டார்ட் அப் பிளாப்பியைப் போட்டான். பார்மட் செய்து, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பார்மட் என்றால் எல்லாம் அழிந்துவிடும் என்பது அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்று வாரம் கழித்து மீண்டும் அதே வரி வந்தது. போன் செய்யக் கையை எடுத்தபோது, டிரைவில் பிளாப்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எடுத்துவிட்டு ஒரு கீயை அழுத்தினேன். விண்டோஸ் ஒழுங்காக வந்து நின்றது. அப்போதுதான் புரிந்தது. அன்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு எதுவும் ஆகவில்லை. பூட் ஆர்டரில் பிளாப்பி முதலில் இருந்தது. கம்ப்யூட்டர் அங்கே விண்டோஸைத் தேடியது. பிளாப்பியில் என் 8 பக்கங்கள்தான் இருந்தன, விண்டோஸ் இல்லை. "இது சிஸ்டம் உள்ள டிஸ்க் அல்ல, மாற்றிப் போட்டுவிட்டு ஒரு கீயை அழுத்து" என்றுதான் அது சொன்னது. நாங்கள்தான் "எர்ரர்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

இதில் இன்னொரு விஷயம். அந்தச் செய்தியைத் திரையில் காட்டியதே பிளாப்பியின் முதல் பகுதியில் இருந்த சிறிய புரோகிராம்தான். அதாவது, சிஸ்டம் இல்லாத பிளாப்பியாக இருந்தாலும் அதன் முதல் பகுதியைக் கம்ப்யூட்டர் ஓட்டிவிடுகிறது. 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் உருவான "பிரெய்ன்" போன்ற வைரஸ்கள் இந்த வழியாகத்தான் பரவின. பூட் செக்டர் வைரஸ் என்ற பெயருக்கு இதுவே காரணம்.

அப்பாவிடம் சொன்னேன். "போனா போகுதுடா, நான் மறுபடி சொல்றேன், நீ அடி" என்றார். சொல்லவும் செய்தார். ஆனால் இரண்டாவது முறை 20 பக்கம்கூட வரவில்லை. முதலில் சொன்ன பெயர்கள் பலவற்றை அவரால் நினைவுபடுத்த முடியவில்லை. இன்று அவர் இல்லை. அந்த முதல் பிரதியில் என்னிடம் மிஞ்சியது, தகராறுக்குக் காரணமான பிளாப்பியில் இருந்த 8 பக்கங்கள் மட்டும்தான்.

இந்தச் செய்தி வந்தால் என்ன செய்வது?

இன்று பிளாப்பி இல்லை. ஆனால் பென் டிரைவ் இருக்கிறது, மெமரி கார்டு இருக்கிறது, வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ, "ரிமூவ் டிஸ்க்ஸ் ஆர் அதர் மீடியா" என்றோ திரையில் வந்தால் பதற வேண்டாம். கீழே உள்ள வரிசைப்படி செய்து பாருங்கள்.

1. பென் டிரைவ், மெமரி கார்டு, சி.டி. எது இருந்தாலும் வெளியே எடுத்துவிட்டு மீண்டும் ஆன் செய்திடுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

2. ஆன் செய்தவுடன் எப்2 அல்லது டெலீட் கீயைத் தொடர்ந்து தட்டுங்கள். செட்டப் திரை கிடைக்கும். எந்தக் கீ என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்கே உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பாதி பயம் போய்விட்டது.

3. பூட் ஆர்டரில் அந்த டிஸ்க் அல்லது "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே நகர்த்தி சேவ் செய்திடுங்கள். தெரியாத மற்ற அமைப்புகளைத் தொட வேண்டாம்.

4. கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் தப்பாகக் காட்டுகின்றனவா? பழைய மதர்போர்டில் காசு போல வட்டமாக உள்ள 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் நீங்கள் செய்து வைத்த பூட் ஆர்டரும் மறந்துபோகலாம். பேட்டரியை மாற்றிவிட்டு, தேதியையும் பூட் ஆர்டரையும் மறுபடி சரி செய்திடுங்கள்.

5. டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால், டெஸ்க்டாப் கம்ப்யூட்டராக இருந்தால் உள்ளே கேபிள் தளர்ந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை அழையுங்கள்.

6. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் உள்ளிருப்பதைக் காப்பாற்றும் வாய்ப்பு குறையும்.

7. யார் வந்து "பார்மட்" என்று சொன்னாலும், "முதலில் என் பைல்களை காப்பி எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டலாம். அல்லது லினக்ஸ் உள்ள பென் டிரைவ் மூலம் பூட் செய்து பைல்களை எடுக்கலாம். விண்டோஸ் ஏறவில்லை என்பதற்கு உங்கள் பைல்கள் போய்விட்டன என்று பொருள் இல்லை.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் சங்கேத மொழியில் பூட்டப்பட்டிருக்கும். இது தமிழ்ப் பூட்டு! டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, பூட் அமைப்புகளை மாற்றினாலோ "ரெகவரி கீ" கேட்கலாம். பொதுவாக அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பூட் குடும்பத்துச் சொற்கள்

இனி இவை உங்களுக்கு எளிதாகப் புரியும்.

கோல்ட் பூட்: பவர் இல்லாத நிலையிலிருந்து தொடங்குவது.

வார்ம் பூட்: பவரை நிறுத்தாமலேயே மீண்டும் தொடங்குவது. ஐ.பி.எம். பி.சி.யில் இதற்காகத்தான் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று கீகளின் கூட்டணியை டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் உருவாக்கினார். இன்றைய விண்டோஸில் இக்கீகளை அழுத்தினால் ரீபூட் ஆகாது, சில வசதிகள் அடங்கிய திரை கிடைக்கும்.

பூட்டபிள்: தொடக்கப் புரோகிராம் உள்ள டிஸ்க் அல்லது பென் டிரைவ். வெறுமனே பாடல்களைக் காப்பி செய்த பென் டிரைவ் பூட்டபிள் ஆகாது.

டூயல் பூட்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது.

செக்யூர் பூட்: தொடக்கப் புரோகிராம் நம்பத் தகுந்ததுதானா என்று கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே ஓட்டும் பாதுகாப்பு. பூட் செக்டர் வைரஸ் போன்ற தொல்லைகளைத் தடுப்பதற்காக வந்தது.

ஷட் டவுனா, ரீஸ்டார்ட்டா?

"ரீபூட் செய்யுங்கள்" என்று சொன்னால் பலர் ஷட் டவுன் செய்துவிட்டு மீண்டும் ஆன் செய்கிறார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் "பாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி இருக்கிறது. இது இயங்கினால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படாமல் டிஸ்க்கில் சேமித்து வைக்கப்படும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அதையே எடுத்துத் தொடரும். விரைவாகத் தொடங்கும், ஆனால் பழைய கோளாறும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். எனவே, கம்ப்யூட்டர் தகராறு செய்தால் ரீஸ்டார்ட் பட்டனையே அழுத்துங்கள்.

ஆசிரியர் வீட்டில் நான் செய்தது என்ன என்று இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு பென் டிரைவ் சொருகியிருந்தது. பழைய பாடல்கள் நிறைந்த பென் டிரைவ் அது. எடுத்துவிட்டு ஆன் செய்தேன், விண்டோஸ் வந்துவிட்டது. அவர் அந்தக் கம்ப்யூட்டரில் 12 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் அப்படியே இருந்தன. அன்றே அவற்றை வேறொரு பென் டிரைவில் காப்பி செய்து, அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

"இந்தப் பூட்டு நல்ல பூட்டுதானே தம்பி?" என்றார்.

ஆமாம் ஐயா, அது நல்ல பூட்டுதான். வாசகர்களே, நீங்களும் இன்று இரவு கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் உங்களுக்கு முக்கியமானவற்றைக் காப்பி எடுத்துவிடுங்கள். எடுத்து முடித்ததும் அந்தப் பென் டிரைவை மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.